மாமனார் வீட்டு யானையும் மச்சான் வீட்டு காரும்

தோ பாரு நைனா, உன் வீட்டு வாசல்ல மூணு கார் நிக்குது. நாலாவது வரப்போவுதுன்னு அட்வான்ஸ் வேற குடுத்துட்டு வந்திருக்கற. சந்தோஷம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், இந்த மூணும் யாரோடது? "எங்களோடது சித்தப்பா"ன்னு நெஞ்சை நிமித்திகினு சொல்ற. ஆர்.சி. புக்கை எடுத்துப் பாரு. ஓனர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும். "எங்களோடது"ன்னு கட்டம் எதுவும் இருக்காது. கூட்டுக்குடும்பம், பாவா பாசம், மாமியார் மரியாதை எல்லாம் நமக்குள்ள. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வீடு தெரியாது. ஒரு நம்பர் தெரியும், ஒரு பேரு தெரியும். அவ்ளோதான்.

வாசல்ல நிக்கறதை வரிசையா எண்ணுவோம். மொதல் வண்டி, எங்க அண்ணன் 2009-ல வாங்கின வெள்ளை ஆல்டோ. அண்ணன் போன வருஷம் பூட்டாரு. ஆர்.சி.ல மட்டும் இன்னும் உயிரோட இருக்காரு. ரெண்டாவது, உன் பேர்ல இருக்கற ஸ்விஃப்ட். மூணாவது, உன் பொண்டாட்டியோட அண்ணன், நகரி பாவா, "ஓட்டிகினு இருங்க"ன்னு விட்டுட்டுப் போன வண்டி. ஏ.பி. 39-ன்னு நெத்தியில எழுதிகினு நிக்குது. நாலாவது இன்னும் ஷோரூம்ல, பத்தரை லட்சம்.

உன் திட்டமும் காதுல விழுந்துது. புதுசு உனக்கு. ஸ்விஃப்ட் உன் வீட்டுக்காரிக்கு. ஆல்டோ தங்கச்சிக்கு. பாவா வண்டி வேட்டைக்கும் சந்தைக்கும். சாவியைச் சுத்திவர மாத்திக் குடுத்துட்டா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுகினு இருக்கற. சாவி மாறிடும் நைனா. மத்தது ஒண்ணும் மாறாது.

"கரும்பு டிராக்டர் ஓட்டினவருக்கு இதெல்லாம் இன்னா தெரியும்"னு உன் மனசுல ஓடுது. திருவாலங்காடு சர்க்கரை ஆலை வாசல்ல ராத்திரி பூரா லோடோட வரிசைல நின்னவன் நானு. பக்கத்து டிரைவர் புலம்பல் முழுசும் கேட்டுகினுதான் நின்னேன். ஒருத்தன் மச்சான் பேர்ல இருக்கற வண்டிக்கு லோன் கட்டிகினு இருப்பான். இன்னொருத்தன் வித்துப்போன வண்டிக்குக் கோர்ட்டுக்கு நடந்துகினு இருப்பான். அங்க படிச்ச பாடம் மூணே வரி. மனப்பாடம் பண்ணு. வரி வண்டியோட போவும். போனஸ் ஆளோட போவும். வம்பு பேரோட போவும்.

மொதல்ல வரி. நம்ம தமிழ்நாட்டுல இதுக்குன்னு 1974-ல ஒரு சட்டம் போட்டாங்க. சொந்த காருக்கு வாங்கும்போதே ஒரே மூச்சுல லைஃப் டாக்ஸ் வாங்கிடுவாங்க. 2023 நவம்பர் 9 வரைக்கும் ரெண்டே படி இருந்துது. 10 லட்சம் வரைக்கும் நூத்துக்கு 10, அதுக்கு மேல நூத்துக்கு 15. அப்பறம் படியை நாலாக்கினாங்க. 5 லட்சம் வரைக்கும் 12, 10 லட்சம் வரைக்கும் 13, 20 லட்சம் வரைக்கும் 18, அதுக்கு மேல 20. திருத்தணி மலைப்படி ஏறினா மூச்சு வாங்கும், புண்ணியமும் உண்டு. இந்தப் படி ஏறினா மூச்சு மட்டுந்தான்.

உன் பத்தரை லட்சத்தை இந்தப் படில நிறுத்திப் பாரு. நூத்துக்கு 18 வீதம் 1,89,000 ரூபா. அதே கம்பெனில, அதே இன்ஜின்ல, மேல கண்ணாடி ஜன்னல் மட்டும் இல்லாத வண்டி 9,90,000-ன்னு வெச்சுக்கோ. நூத்துக்கு 13 வீதம் 1,28,700. விலையில வித்தியாசம் 60,000. வரியில வித்தியாசம் 60,300. அதாவது வானத்தைப் பாக்கறதுக்கு கம்பெனிக்கு ஒரு தடவை காசு குடுக்கற, கவர்மென்டுக்கு ஒரு தடவை குடுக்கற. நம்ம ஊரு வெயில்ல அந்த ஜன்னலைத் தொறக்கப் போறவன் யாருன்னு எனக்குத் தெரியணும். 2025 செப்டம்பர் 22-ல சின்ன வண்டிங்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18-க்கு எறக்கினப்பறம் எத்தினியோ வண்டி 10 லட்சத்துக்குக் கீழ வந்து நிக்குது. நீ மட்டும் கோட்டைத் தாண்டித்தான் குதிப்பேன்ற. குதி. உன் காலு.

இன்னொரு கொசுறும் இருக்கு. வண்டி 10 லட்சத்துக்கு மேல போனா ஷோரூம்காரன் நூத்துக்கு ஒரு ரூபா வருமான வரி புடிச்சுப்பான். 2016 ஜூன்ல இருந்து அந்த வழக்கம். உன் வண்டிக்கு 10,500. அது போனது போனது இல்ல. யார் பேர்ல பில்லு போட்டாங்களோ அவங்க வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம், மிஞ்சினா திருப்பி வாங்கலாம். நீ இன்னா பண்ணியிருக்கற? ராசின்னு சொல்லி எங்க அண்ணி பேர்ல புக் பண்ணியிருக்கற. அண்ணி ஜென்மத்துல ரிட்டர்ன் போட்டது கிடையாது. அந்த 10,500-க்காவ வயசான காலத்துல அண்ணியை ஆடிட்டர் வீட்டுப் படி ஏத்தப் போறியா? ராசி பாக்கறவன் பான் கார்டையும் சேத்துப் பாக்கணும்.

சரி, ஸ்விஃப்டுக்கு வா. உன் பேர்ல இருந்து உன் வீட்டுக்காரி பேருக்கு மாத்தற. அதுக்கு லைஃப் டாக்ஸ் மறுபடி ஒரு பைசா கிடையாது. ஏற்கெனவே கட்டின வரி வண்டி மேலயே குந்திகினு இருக்கும், கூடவே போவும். படிவம் 29, படிவம் 30, பேர் மாத்தற கட்டணம், முடிஞ்சுது. நம்ம டி.என். 20 வண்டி, நம்ம மாநிலத்துக்குள்ளயே கை மாறுது. இதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிர்ல மரத்தடில ஒருத்தன், "வரி வித்தியாசம் கட்டணும் சார்"னு உன் முகத்தைப் பாத்து ஒரு தொகை சொல்லுவான். எந்த வரின்னு கேளு. பதில் வரதுக்குள்ள அவனுக்கு ஒரு போன் வந்துரும்.

இந்த அருமை உனக்குத் தெரியாது. லண்டன்ல இருக்கற நம்ம சின்னவனைக் கேளு. அங்க 2014 அக்டோபர் 1-ல கண்ணாடில ஒட்டற வட்ட வரிச்சீட்டை எடுத்துட்டாங்க. கூடவே இன்னொரு வேலை பண்ணாங்க. வண்டி கை மாறினா வரி கூட வராது. வித்தவனுக்கு முழுசா மிச்சமிருக்கற மாசங்களுக்கு மட்டும் காசு திரும்பும். வாங்கினவன் அந்த மாசம் ஒண்ணாந்தேதில இருந்து கட்டணும். மாசத்து நடுவுல கை மாறினா ஒரே வண்டிக்கு ஒரே மாசத்துக்கு ரெண்டு பேரும் கட்டுவாங்க. புருஷன் பேர்ல இருந்து பொண்டாட்டி பேருக்கு, ஒரே வீட்டு வாசல்ல நின்னுகினே மாத்தினாலும் அதே கதைதான். அங்க வரி பேரோட ஒட்டிகினு இருக்கு. இங்க வண்டியோட. சிங்கப்பூர்ல இருக்கறவனைக் கேக்கவே கேக்காத. கார் வாங்கற உரிமைச் சீட்டுக்கே ஏலம், 2023-ல ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போச்சு. அதுவும் 10 வருஷத்துக்கு மட்டும். அங்க நீ மூணு கார் நிறுத்தியிருந்தா மலை மேல உண்டியல்ல இருக்கறதை எண்ணிக் குடுத்தாலும் பத்தாது.

இப்ப மூணாவது வண்டி, நகரி பாவா வண்டி. அதோட ஆர்.சி.யை நீ பாத்தியா? நான் பாத்தேன். பாவா பேர்ல இல்ல. பாவாவோட மாமியார் பேர்ல இருக்கு. ஏன்னு தெரியுமா? அந்தப் பக்கம் 2010-ல ஒரு திருத்தம் கொண்டாந்தாங்க. ஒருத்தர் பேர்ல ஒரு சொந்த வண்டி இருக்கும்போது இன்னொண்ணு வாங்கினா, ரெண்டாவதுக்கு லைஃப் டாக்ஸ் நூத்துக்கு 14. மொத வண்டிக்கு 12-ன்னு இருந்த நேரம் அது. ரெண்டு ரூபாதானேன்னு விடுவாங்களா? ராவோட ராவா வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கார் ஓனர் ஆயிட்டாங்க. பொண்டாட்டி பேர்ல ஒண்ணு, அம்மா பேர்ல ஒண்ணு, அத்தை பேர்ல ஒண்ணு. பெண்களுக்குச் சொத்துரிமைன்னு எத்தினியோ பேரு மேடை போட்டுப் பேசினாங்க. ஆந்திராவுல அதை ரெண்டு பர்சென்ட் வரி சாதிச்சுது. நம்ம பக்கம் விலைதான் கணக்கு, எத்தினாவது வண்டின்னு கேக்கறது இல்ல. ஆனா அந்தக் காலத்து வழக்கம் நகரி பாவாவுக்கு விடல. வண்டின்னு வந்தா மாமியார் பேரு.

அதனால இப்ப உன் நெலமை இன்னா? நீ ஓட்டற வண்டி உன் மச்சானோட மாமியாருது. திருத்தணி மலைக்குப் போயிருக்கற இல்ல? சந்நிதிக்கு எதிர்ல மத்த ஊர்ல பெரும்பாலும் மயில் நிக்கும், நம்ம ஊர்ல யானை நிக்குது. அதுவும் சாமியைப் பாக்காம வெளியில பாத்துகினு நிக்குது. கதை தெரியுமா? தெய்வானையைக் கட்டிக்குடுக்கும்போது இந்திரன் சீரா ஐராவதத்தைக் குடுத்துட்டான். யானை போனதும் தேவலோகத்துல செல்வம் தேய ஆரம்பிச்சுது. முருகன் யானையைத் திருப்பித் தரேன்னாரு. குடுத்த சீரை எப்படித் திரும்ப வாங்கறது? அது எங்க பக்கம் பாத்துகினு நின்னா போதும்னு மாமனார் கேட்டுக்கினாரு. அப்படித்தான் நிக்குது இன்னிக்கும். சாமி வீட்டுலயே வண்டி மாப்பிள்ளைகிட்ட, பார்வை மாமனார் வீட்டுப் பக்கம். பேர் மாத்தாத வண்டி அப்படித்தான் நிக்கும் நைனா. உன் வாசல்ல நிக்குது, நகரியைப் பாத்துகினு நிக்குது.

"இந்தியா பூரா செல்லும் சித்தப்பா, ஒரே நாடு"ன்ற. பதிவு இந்தியா பூரா செல்லும், மோட்டார் வாகனச் சட்டத்துல 46-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. அடுத்த பிரிவையும் படி. 47. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அந்த மாநிலத்து நம்பர் வாங்கணும். பாவா வண்டி இங்க வந்து ரெண்டு ஆடிக் கிருத்திகை பாத்துடுச்சு. காவடி எடுக்காதது ஒண்ணுதான் பாக்கி. அந்த 12 மாசமும் நம்பர் மாத்தறதுக்கான கணக்கு. வரி கேக்கறது மாநிலம். அரசியலமைப்புல ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 57-வது இனம், வண்டி வரி மாநிலத்துதுன்னு எழுதியாச்சு. "ஒரே நாடுதானே"ன்னு பொன்பாடி சோதனைச் சாவடில நின்னுகினு நீ பேசப்போற வாதத்தை நானும் பின்சீட்ல குந்திகினு கேக்கணும்னு ஆசைதான்.

ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல மாட்டிகினு முழிக்கறது நமக்குப் புதுசா? இந்த ஊரே பதிவு மாத்தின ஊரு. வட ஆற்காட்டுல இருந்துது. 1911-ல சித்தூர் மாவட்டத்துல சேத்தாங்க. 1953 அக்டோபர்ல ஆந்திரா தனியாப் போவும்போது நம்மளையும் சேத்து இட்னு பூட்டாங்க. நம்மளைத் திருப்பிச் சேக்கணும்னு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடினாங்க. எல்லையைப் பிரிக்க படாஸ்கர் வந்து கணக்குப் போட்டாரு. 1960 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம்னு சொல்ற அன்னிக்கு, நம்ம மெட்ராஸுக்குத் திரும்பினோம். நான் அப்ப டவுசர் பையன். முதல் நாள் ஆந்திராவுல படுத்து, மறுநாள் மெட்ராஸ்ல எழுந்தேன். பாயைக்கூட நகத்தல. அப்பறம் மெட்ராஸ் 1969-ல தமிழ்நாடு ஆச்சு, செங்கல்பட்டு மாவட்டமா இருந்தது 1997-ல திருவள்ளூர் ஆச்சு. ஒரு ஊரு மாநிலம் மாறணும்னாலே பார்லிமென்டுல சட்டம் போட்டுத் தேதி குறிச்சுத்தான் மாறுது. நீ ஒரு காரை வாய்வார்த்தைல மாத்திடுவேன்ற.

முறையா செய்யணும்னா வழி இது. மொதல்ல ஆந்திரா ஆபீஸ்ல என்.ஓ.சி. வாங்கணும், படிவம் 28. லோன் பாக்கி இருக்கக்கூடாது, போலீஸ் சலான் பாக்கி இருக்கக்கூடாது. விண்ணப்பம் ஓனர் பேர்ல போவணும். அதாவது பாவாவோட மாமியார். அந்தம்மாவுக்குத் தன் பேர்ல ஒரு கார் இருக்கறது தெரியுமான்னு மொதல்ல கேளு. அப்பறம் நம்ம ஆபீஸ்ல படிவம் 27. வண்டி வயசைப் பாத்து, அந்த வயசுக்குண்டான லைஃப் டாக்ஸ் இங்க கட்டணும். அங்க கட்டினதுல மிச்ச காலத்துக்கு உண்டானதைத் திருப்பிக் கேட்டு அங்க தனியா மனு போடணும். வரி வண்டியோட போவும்னு சொன்னனே, அது மாநில எல்லை வரைக்குந்தான். பொன்பாடி வந்ததும் எறங்கிக்கும். கேட்டாத்தான் திரும்பும், கேக்காட்டி கவர்மென்டு தானா மணியார்டர் அனுப்பாது. முதல்ல இங்க கட்டி ரசீதும் புது நம்பரும் கைல வாங்கு, அப்பறம் அங்க கேளு.

கணக்குப் போட்டுப் பாத்து, வண்டி விலைக்கும் இந்தச் செலவுக்கும் சரிப்பட்டு வரலன்னா, மரியாதையா துடைச்சு, பெட்ரோல் போட்டு, நகரில விட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு பஸ் ஏறி வா. பாவாவுக்கும் மரியாதை, உனக்கும் நிம்மதி. ஓசி வண்டில ரொம்ப விலை ஒசந்தது அந்த ஓசிதான்.

குறுக்கு வழி ஒண்ணு உன் சிநேகிதன் சொல்லியிருப்பான், பாண்டிச்சேரி அட்ரஸ்ல போட்டுடலாம், வரி கம்மின்னு. 2017-ல கேரளாவுல பெரிய பெரிய சினிமாக்காரங்க கோடி ரூபா காரை அப்படித்தான் பாண்டிச்சேரி அட்ரஸ்ல போட்டாங்கன்னு போலீஸ் கேஸு ஆச்சு, பேப்பர் பூரா அதே செய்தி. அவங்களுக்கு வக்கீல் இருக்காங்க. உனக்கு நான்தான் இருக்கேன். இன்னொண்ணு பி.எச். நம்பர். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்துல வேலை செய்யறவங்க வண்டில பாத்திருப்ப. 2021-ல கொண்டாந்தது. ஊரூரா மாத்தல் ஆவறவங்களுக்கு, ரெண்டு ரெண்டு வருஷமா வரி கட்டலாம். பட்டாளத்துக்காரன், கவர்மென்டு ஆளு, நாலு மாநிலத்துல ஆபீஸ் இருக்கற கம்பெனி ஆளு, அவங்களுக்கு உண்டு. உனக்கு இருக்கறது ஒரு தறிக்கூடம், ஒரு மளிகைக் கடை. ரெண்டும் ஒரே தெருவுல.

வரி முடிஞ்சுது. போனஸ் ஆளோட போவும்னேன். இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணாம ஓட்டினவனுக்கு வருஷா வருஷம் தள்ளுபடி உண்டு. 20, 25, 35, 45-ன்னு ஏறி அஞ்சு வருஷத்துல நூத்துக்கு 50-ல போய் நிக்கும். அந்தப் பெருமை ஸ்விஃப்டோடது இல்ல, உன்னோடது. ஸ்விஃப்ட் உன் வீட்டுக்காரி பேருக்குப் போனா தள்ளுபடி அவளுக்குப் போவாது. நீ இன்சூரன்ஸ் கம்பெனில ஒரு கடுதாசி வாங்கினா, மூணு வருஷத்துக்குள்ள உன் பேர்ல எடுக்கற வண்டிக்கு அதைப் போட்டுக்கலாம். இப்ப உன் புத்திசாலித்தனத்தைப் பாரு. 50 பர்சென்ட் தள்ளுபடி உன் பேர்ல. புது வண்டி அண்ணி பேர்ல. சம்பாதிச்ச தள்ளுபடியைத் தெருவுல விட்டுட்டு, ஷோரூம்ல ஓசில குடுத்த குடைக்கு அரை மணி நேரம் சண்டை போட்டுட்டு வந்திருக்கற. புக்கிங்கை உன் பேருக்கு மாத்து. வருமான வரில அந்த 10,500-ம் உன் கணக்குல கழியும், தள்ளுபடியும் உன் வண்டில ஏறும்.

இன்சூரன்ஸ்ல இன்னொரு நுணுக்கம். வண்டி கை மாறினா மூணாம் மனுஷனுக்கான காப்பீடு கூடவே போவும், ஆனா 14 நாளுக்குள்ள கம்பெனில சொல்லிப் பேர் மாத்தணும். "ஒரே வீடுதானே, பொண்டாட்டிதானே"ன்னு விட்டுட்டு, அவ ஸ்விஃப்டைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டு தூண்ல இடிச்சான்னு வெச்சுக்கோ. ஆர்.சி. ஒரு பேர்ல, பாலிசி ஒரு பேர்ல இருந்தா, நசுங்கின பம்பருக்குக் காசு கேக்கும்போது இன்சூரன்ஸ்காரன் கல்யாணப் பத்திரிகையா கேக்கப் போறான்?

மூணாவது வரி, வம்பு பேரோட போவும். இதான் எல்லாத்துக்கும் பெரிசு. வித்தவன் உள் மாநிலம்னா 14 நாளுக்குள்ள, வெளி மாநிலம்னா 45 நாளுக்குள்ள ஆபீஸுக்குத் தெரிவிக்கணும். வாங்கினவன் 30 நாளுக்குள்ள. எவன் செய்யறான்? வெத்துத் தாள்ல, படிவம் 29-லயும் 30-லயும் கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு, காசை எண்ணி வாங்கிகினு வந்துருவான். அந்தத் தாளு அடுத்தவன் கைக்குப் போவும், அவன்கிட்ட இருந்து அடுத்தவன். வடக்க ஒரு வண்டி இப்படியே கை மாறிகினே போச்சு. 2009-ல ஆக்சிடென்ட். நட்ட ஈடு யார் குடுக்கறதுன்னு கேஸு டெல்லி வரைக்கும் போச்சு. 2018 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு, நவீன் குமார் எதிர் விஜய் குமார்னு பேரு. ஆர்.டி.ஓ. பதிவேட்டுல எவன் பேரு இருக்கோ அவன்தான் ஓனர், அவன்தான் பொறுப்பு. நான் எப்பவோ வித்துட்டேன், இவனுக்கு வித்தேன், அவன் அவனுக்கு வித்தான்னு சொன்ன கதை எதுவும் எடுபடல.

பெரிய வம்பை விடு, சின்னதைப் பாரு. பாவா வண்டில நீ திருப்பதிக்கு வேகமாப் போன, கேமரா புடிச்சுது. சலான் யாருக்குப் போச்சு? மாமியாருக்கு. அந்தம்மா கோயிலுக்குத் தவிர வீட்டை விட்டு எறங்காதவங்க, அவங்க பேர்ல ஓவர் ஸ்பீடு. ஃபாஸ்டேக் பாவா கணக்குல. பட்டரைப்பெரும்புதூர் டோல்கேட்ல நீ நுழைஞ்சா நகரில பாவா போன் கூவும். நீ எந்நேரம் மெட்ராஸ் போற, எந்நேரம் திரும்பறன்னு உன் பொண்டாட்டிக்குத் தெரியாது, அவ அண்ணனுக்கு ரூபா கணக்கோட தெரியும். இந்த ஒரு காரணத்துக்காவாவது அந்த வண்டியைத் திருப்பிக் குடுத்துருவன்னு நெனைக்கறேன். இன்னாடா முழிக்கற?

கடைசியா ஆல்டோ. விதி இன்னா சொல்லுதுன்னா, ஓனர் இறந்துட்டா 30 நாளுக்குள்ள ஆபீஸுக்குத் தெரிவிக்கணும், தெரிவிச்சா மூணு மாசம் ஓட்டிக்கலாம், அதுக்குள்ள படிவம் 31 போட்டுப் பேர் மாத்தணும். தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்று வேணும், அதுல அண்ணி, நீ, தங்கச்சி மூணு பேரும் இருப்பீங்க. தங்கச்சி பேருக்குப் போவணும்னா மத்த ரெண்டு பேரும் சம்மதம் எழுதிக் குடுக்கணும். எங்க அண்ணன் க்ளெய்ம் பண்ணாம ஓட்டின தள்ளுபடி இருக்கே, அது மட்டும் இறந்தவர்கிட்ட இருந்து பொண்டாட்டி புள்ளைங்களுக்கு வரும். உயிரோட இருக்கறப்ப குடுக்க முடியாததை செத்து மட்டும் குடுக்கலாம்னு ஒரு விதி. 2021-ல இருந்து ஆர்.சி.லயே நாமினி பேரு போட்டுக்கலாம். நீ உன் வண்டிக்குப் போட்டுக்கோ. சாவப்போறேன்னு இல்ல, தாலுகா ஆபீஸ் படி உன் பொண்டாட்டிக்கு மிச்சம்.

அந்த ஆல்டோவுக்கு இன்னொரு கண்டம். 2009-ல பதிவு, 15 வருஷம் 2024-லயே முடிஞ்சுது. அண்ணன் உடம்பு முடியாத நேரம், எவனும் கவனிக்கல. மறுபதிவுக்கு எஃப்.சி. காட்டணும். 2022 ஏப்ரலுக்கு முன்ன 600 ரூபா இருந்தது இப்ப 5,000. தாமதத்துக்கு மத்திய விதிப்படி மாசத்துக்கு 500. பசுமை வரி தனி. அதைக் கட்டினா அஞ்சு வருஷம் ஓடும். அப்பறம் 20 வருஷம் தாண்டினா மறுபதிவுக் கட்டணம் 10,000-ன்னு 2025 ஆகஸ்ட்ல ஏத்திட்டாங்க. மனுஷனுக்கு வயசானா பஸ்ஸுல சலுகை குடுக்கறான், வண்டிக்கு வயசானா வட்டி போடறான். தங்கச்சி உண்மையாவே ஓட்டுவாளான்னு கேளு. ஓட்டுவான்னா கட்டு. "அப்பா ஞாபகமா நிக்கட்டும்"னா, ஞாபகத்துக்கு போட்டோ போதும். போட்டோவுக்கு எஃப்.சி. கிடையாது.

ஆவ, வரிசை இது. பாவா வண்டியை மாத்தறியா, திருப்பறியா, மொதல்ல முடிவு பண்ணு. ஆல்டோவுக்கு வாரிசுச் சான்று வாங்கி, பேர் மாத்தி, எஃப்.சி. காட்டு. ஸ்விஃப்ட் லோன் முடிஞ்சுதுன்ற, ஆனா ஆர்.சி.ல பைனான்ஸ் பேரு அப்படியே இருக்கு. படிவம் 35 வாங்கி அதை எடு. தள்ளுபடிக் கடுதாசியை வாங்கிகினு அப்பறம் வீட்டுக்காரி பேருக்கு மாத்து. பாலிசியையும் மாத்து. எல்லாம் முடிச்சுட்டுப் புது வண்டியை எடு, 10 லட்சத்துக்குக் கீழ, உன் பேர்ல. நீ இந்த வரிசையைத் தலைகீழாப் புடிச்சுகினு நிக்கற, புது வண்டிக்குக் கொடுத்த அட்வான்ஸ்ல இருந்து.

இன்னா, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கற? "புது வண்டியை உங்க பேர்ல போட்டுக்கலாமா சித்தப்பா, உங்களுக்கு வேற வண்டி இல்லையே"வா? அடேங்கப்பா, நகரி பாவாகிட்ட பொண்ணு மட்டும் எடுக்கல, புத்தியையும் எடுத்துகினு வந்திருக்கற. ஓட்டறது நீ. சலான் எனக்கு. இடிக்கறது நீ. கோர்ட்டு எனக்கு. சரி, ஒத்துக்கறேன். சாவி ரெண்டும் என் இடுப்புல இருக்கும். டிரைவர் சீட்டு உனக்கு. பெட்ரோல் நீ. எனக்கு எப்ப டீ குடிக்கத் தோணுதோ அப்ப வண்டி என் வாசல்ல நிக்கணும். சம்மதம்னா இப்பவே கையெழுத்து போடறேன்.

எங்கடா ஓடற?